தும்பைக்கொல்லைக்கு இருபத்து மூன்று கி.மீ.

6.2.84 திங்கள்

பனி. எட்டு மணி வரை எதிரே இருக்கும் பிரசவ அறை கூடத் தெரியவில்லை. ஜீப் திருப்பத்தூரில் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறது. கியர் பாக்ஸ் போய்விட்டதாம். இந்த மாதம் வராது.

தும்பைக்கொல்லைக் குழந்தைகளுக்கு இரண்டாவது முத்தடுப்பு ஊசி போட வேண்டிய நாள் 16. முதல் ஊசி போன மாதம் 17ஆம் தேதி, டாக்டரும் நானும் ஜீப்பில் போய்ப் போட்டது. 22 குழந்தைகள். பஸ் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து 23 கி.மீ., அத்தனையும் ஜல்லி ரோடு. நடந்தால் ஆறு மணி நேரம். போய்ப் போட்டு முடிப்பதற்குள் பிளாஸ்கில் ஐஸ் கரைந்து போலியோ சொட்டு மருந்து கெட்டுவிடும். பக்கத்து மலையில் கக்குவான் இருமல் வேறு ஆரம்பித்திருக்கிறது.

டாக்டர் சின்ன வயது. வந்து ஐந்து மாதம். "விட்டுடலாம் சிஸ்டர், ஜீப் வந்தப்புறம் பாத்துக்கலாம்" என்றார். சரி என்று வந்துவிட்டேன். பாதி வராந்தா வந்தவள் திரும்பிப் போய், ஸ்டோரில் ஒரு லேடீஸ் சைக்கிள் இருக்கிறதே என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சைக்கிள் விட்டு இருபது வருடம் ஆகிறது. வயது 39.

ஸ்டோர் சாவி கிடைக்கவில்லை. பூட்டை உடைத்தார்கள். பழைய கட்டில்களுக்கு அடியில் இருந்தது. சீட்டில் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது.

7.2.84 செவ்வாய்

வெளி நோயாளிகள் 61. கால் கெஞ்சுகிறது.

மத்தியானம் சைக்கிளைக் கடைத்தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். தூக்கிக்கொண்டு என்று எழுத வேண்டும், பின் சக்கரம் சுற்றவே இல்லை. சலீம் பாய் கடை. பாய் வாணியம்பாடியில் தோல் பதனிடும் இடத்தில் பதினைந்து வருடம் இருந்தவர். சுண்ணாம்புத் தொட்டி கையைத் தின்றுவிட்டதால் மலைக்கு வந்து சைக்கிள் கடை வைத்தார். கைக்குக் களிம்பு வாங்க மாதம் ஒருமுறை என்னிடம் வருவார்.

"இன்னா சிஸ்டர் இது, சைக்கிளா, இரும்பு யாவாரமா?"

"ஓடுமா, ஓடாதா?"

"ஓடும். ஓவராயில் பண்ணணும். எங்க போவப் போறீங்க இதுல?"

தும்பைக்கொல்லை என்றதும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் பேசியது காதில் விழுந்தது. "அந்த ஊரா? ஊசி போட்டு ஒரு புள்ள செத்துச்சே, அந்த ஊர்தானே?" "தே, அந்த நர்சம்மாதான் அது, சும்மா இரு."

டயர் இரண்டும் மக்கிவிட்டது. புதிதாக இரண்டு, ட்யூப் இரண்டு, பிரேக் கட்டை நாலு, செயின், பின் சக்கரத்தில் ஒன்பது கம்பி. வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்.

8.2.84 புதன்

எழுதிவிடுகிறேன். எழுதாமல் இருந்தால் மட்டும் இல்லையென்று ஆகிவிடாது.

குழந்தை பெயர் அண்ணாமலை. வயது ஒன்றேகால். அம்மா வெள்ளச்சி. ஜனவரி 17 அன்று ஊசி. அன்று ராத்திரியே ஜுரம், மறுநாள் வாந்தி, வயிற்றுப்போக்கு. 20ஆம் தேதி காலையில் இறந்துவிட்டான். எங்களுக்குத் தெரிந்தது 23ஆம் தேதி, சந்தைக்கு வந்த அவள் தம்பி சொல்லித்தான்.

டாக்டர் அந்தத் தம்பியிடம் விவரமாகக் கேட்டார். வயிற்றுப்போக்கில் நீர் வற்றிப் போயிருக்கிறது, ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். மேலே ரிப்போர்ட்டும் அப்படியே போயிற்று. பொய்யில்லை. அந்த வாரம் அந்த ஊரில் ஊசி போடாத இரண்டு பெரியவர்களுக்கும் வயிற்றுப்போக்கு இருந்திருக்கிறது.

போளூரிலிருந்து அக்கா கடிதம். லீவு போட்டுவிட்டு வா, உடம்பைப் பார்த்துக்கொள், ஒன்பது வருடமாக அந்தக் காட்டில் என்ன இருக்கிறது. பதில் எழுதவில்லை.

10.2.84 வெள்ளி

சைக்கிள் வந்துவிட்டது. அடையாளமே தெரியவில்லை. கோட்டம் எடுத்து, பால்ரஸ் மாற்றி, கிரீஸ் வைத்து, சீட்டுக்குப் புதிதாகத் தோல் தைத்திருக்கிறார். "வாணியம்பாடி தோலு. உங்க ஆயுசுக்கும் கிழியாது" என்றார். டயருக்கு உள்ளே பழைய டயரை நீளமாக அறுத்துச் சுற்றி வைத்திருக்கிறார், ஜல்லி குத்தாமல் இருக்க. சக்கரம் கனமாகத்தான் சுற்றும், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றார்.

பாய் சொன்னவை. மறந்துவிடுவேன், எழுதி வைக்கிறேன்:

காற்று முழுக்க அடிக்கக் கூடாது. கட்டை விரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போக வேண்டும்.
இறக்கத்தில் முன் பிரேக் தொடக் கூடாது. "தொட்டா பல்லு ரோட்டுக்கு, மிச்சம் உங்களுக்கு."
ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. வண்டி போகிற போக்கில் விட வேண்டும்.
ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ள வேண்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓட்டிப் பார்த்தேன். ஏறினேன், விழுந்தேன். ஏறினேன், விழுந்தேன். மூன்றாவது முறை கிணறு வரை போனேன், நிறுத்தத் தெரியாமல் வேலியில் விட்டேன். புடவைத் தலைப்பு செயினில் மாட்டி ஒரு முழம் கிழிந்தது. முழங்கையில் சிராய்ப்பு. நானே டிங்க்சர் போட்டுக்கொண்டேன். ரோட்டில் யாரோ, "நர்சம்மா சைக்கிள் வுடுதுடோய்!"

11.2.84 சனி

எழுந்திருக்க முடியவில்லை. தொடை, இடுப்பு, உள்ளங்கை. இத்தனை இடத்தில் சதை இருப்பது இப்போதுதான் தெரிகிறது.

டா. சும்மா இருக்காமல் எனக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஹீமோகுளோபின் எட்டரைதான். "நீங்க அடுத்தவங்களுக்குக் கொடுக்கிற மாத்திரையை நீங்க சாப்பிடறதில்லையா?" கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, சாப்பிடாவிட்டால் திட்டுகிறேன். என் டப்பா அலமாரியில் அப்படியே இருக்கிறது. இன்று முதல் ஒன்று. முட்டை ஒன்று. காலையில் கேழ்வரகுக் கூழ்.

புடவைக்கு வழி கிடைத்தது. பாயின் மனைவி ஜுலேகா கிழிசலைப் பார்த்துவிட்டு அளவு எடுக்கிறேன் என்று கூப்பிட்டார். உள்ளே போட்டுக்கொள்ள ஒரு பைஜாமா. "மேல பொடவைய முட்டி வரைக்கும் ஏத்திச் சொருவிக்கோங்க. மரத்துல புளி உலுக்கறவங்களைத் தவிர யாரு பாக்கப் போறாங்க ரோட்டுல?" என்றார். தைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல், "அந்த அம்மாவைப் பாக்கணுமேன்னு பயமா இருக்குதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன், அவருக்குக் கண் சரியில்லை.

12.2.84 ஞாயிறு

வெயில் சீக்கிரம் வந்துவிட்டது. 7 கி.மீ. போய் 7 கி.மீ. வந்தேன். ஓடை வரை. விழவில்லை.

ஆனால் பிளாஸ்க் போய்விட்டது. எப்படித் தாங்குகிறது என்று பார்க்க ஆஸ்பத்திரி பிளாஸ்கில் தண்ணீர் ஊற்றி, கேரியரில் துணி சுற்றிக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். நாலாவது கி.மீ.யில், பெரிய ஜல்லி கொட்டியிருக்கும் இடத்தில், உள்ளே கலகலவென்று ஒரு சத்தம். திறந்தால் எல்லாம் கண்ணாடித் தூள். ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். அழவில்லை. அவ்வளவு தெம்பு இல்லை. மைனா இரண்டு எதிரே சண்டை போட்டுக்கொண்டிருந்தன. சரி, முடிந்தது, ஜீப் வரட்டும் என்று நினைத்தபோது மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை. எழுந்து வண்டியை எடுத்தேன்.

பாயிடம் காட்டினேன். கோபித்துக்கொண்டார். "கேரியர்ல கட்டுனா இன்னா ஆவும்? மொத்த அடியும் அதுக்குத்தான். என்னை ஒரு வார்த்தை கேக்கலாம்ல?" பழைய ட்யூபைப் பட்டை பட்டையாக அறுத்து ஒரு ஊஞ்சல் மாதிரி பின்னி, ஹேண்டில்பாருக்கு நடுவே தொங்கவிட்டார். அதற்குள் ஒரு செங்கல்லை வைத்துக் கடைத்தெருவின் மேட்டிலும் பள்ளத்திலும் தானே ஓட்டிக் காட்டினார். சக்கரம் குதித்தது, செங்கல் லேசாகத்தான் ஆடியது.

பிளாஸ்க்குக்கு எங்கே போவது?

13.2.84 திங்கள்

நேற்று ராத்திரியே டா. தன் சொந்த பிளாஸ்க்கைக் கொடுத்தார். அம்மா வாங்கிக் கொடுத்தது, உடைந்தால் சொல்லாமல் இருந்துவிடுங்கள் என்றார். சிரித்தோம். நல்ல பையன்தான்.

பிறகு கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். "அங்க யாராவது கேட்டா, ஊசிக்கும் அந்தக் குழந்தைக்கும் சம்பந்தமே இல்லைன்னு கண்டிப்பா சொல்லுங்க. நீங்க தடுமாறினா அடுத்த மூணு ஊரும் ஊசி போட்டுக்காது." தலையாட்டினேன். அவர் சொல்வது சரி.

அவரிடம் சொல்லாதது ஒன்று. 17ஆம் தேதி ஊசி போட்டதும் குழந்தை வீறிட்டது. வெள்ளச்சி முகம் வெளுத்துவிட்டது. பின்னால் இன்னும் பத்து பேர் நின்றார்கள், ஜீப் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். நான் அவளிடம், "ஜுரம் வரும், பயப்படாத. தானா போய்டும்" என்றேன். அவ்வளவுதான். எத்தனை நாள் பார்க்க வேண்டும், எப்போது தூக்கிக்கொண்டு வர வேண்டும், எதுவும் சொல்லவில்லை. 22 பேருக்கும் அதே வாக்கியம். ஒன்பது வருடமாக அதே வாக்கியம்.

அவள் அதை நம்பிக் காத்திருந்தாளா? தெரியவில்லை. மூன்று வாரமாகத் தெரியவில்லை.

காலையில் ஆறு மணிக்கு பிளாஸ்கில் ஐஸ் போட்டுப் பார்த்தேன். பத்து மணிக்கு முக்கால். பன்னிரண்டுக்குப் பாதி. இரண்டுக்குக் கால். ஆக, இரண்டு மணிக்குள் கடைசிச் சொட்டு கொடுத்துவிட வேண்டும்.

15.2.84 புதன்

நேற்று 12 கி.மீ. போய் வந்தேன். இன்று ஓய்வு. ஓய்வு என்றால் வார்டு, ஒரு பிரசவம் (பெண், இரண்டரை கிலோ, நலம்), ஸ்டாக் ரெஜிஸ்டர்.

நாளைக்கு:
மருந்து, சொட்டு, காலையில் ஃபிரிட்ஜிலிருந்து
சிரிஞ்சு டப்பா, ஊசிகள், ஸ்பிரிட், பஞ்சு
ஸ்டவ், ஊசியைக் கொதிக்க வைக்க
ஜுர மாத்திரை, பாதிப் பாதியாக உடைத்துப் பொட்டலம். கட்டிவிட்டேன்
உப்பு சர்க்கரைப் பொட்டலம் 30. லிஸ்டில் இல்லாதது, நானாகச் செய்தது
ஒட்டுப் போட சொல்யூஷன், ரப்பர், பம்ப்
நான்கு முட்டை, கூழ் தூக்கில்
மாற்றுப் புடவை. ராத்திரி அங்கே பள்ளிக்கூடத்தில் தங்கி மறுநாள்தான் திரும்ப வேண்டும். ஒரே நாளில் 46 என் உடம்புக்கு ஆகாது.

பாய் கடைசியாக ஒருமுறை எல்லா நட்டையும் இறுக்கினார். கரடி இருக்கும், மணி அடித்துக்கொண்டே போங்கள் என்றார். மணி அடிக்கவில்லை. அதற்கும் எண்ணெய் விட்டார்.

16.2.84 வியாழன்

காலை 5.40. குளிர். கை விறைக்கிறது. ஐஸ் போட்டாயிற்று. கூழ் இறங்கவில்லை. கிளம்புகிறேன்.

17.2.84 வெள்ளி

சாயங்காலம் நாலரைக்குத் திரும்பினேன். குளித்தேன். உட்கார முடியவில்லை, அலமாரி மேல் நோட்டை வைத்து நின்றுகொண்டு எழுதுகிறேன்.

நேற்று நடந்தது, வரிசையாக.

முதல் ஏழு கி.மீ. சிரமமில்லை. ஓடையில் முழங்கால் தண்ணீர். பிளாஸ்க்கைத் தோளில் மாட்டிக்கொண்டு சாமான்களை முதலில் அக்கரை சேர்த்து, பிறகு வந்து வண்டியைத் தூக்கினேன். அதற்கு மேல் ஏற்றம். பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் போனேன். புது ஜல்லி கொட்டிய இடங்களில் வண்டி மண்ணில் நீந்துகிற மாதிரி இருந்தது. ஒருமுறை பஞ்சர். ஒட்ட இருபது நிமிடம். ஒருமுறை விழுந்தேன், பிளாஸ்க்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. அது பிழைத்தது. வலது முட்டி வீங்கிவிட்டது. கரடி இல்லை.

10.35க்கு ஊர். ஆண்கள் எல்லாம் மரத்தின் மேல், புளி உலுக்கிக்கொண்டிருந்தார்கள். கீழே பெண்கள் பொறுக்குகிறார்கள். என்னைப் பார்த்ததும் உலுக்குவது நின்றது. யாரும் வா என்று சொல்லவில்லை. ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஊர்க்கவுண்டர் மட்டும் வந்து, சைக்கிளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுலயா வந்த?" என்றார். பிளாஸ்க்கை அவர் வீட்டு நிழலில் வைத்தேன். வெள்ளச்சி வீடு எது என்று கேட்டேன். கையைக் காட்டினார்.

வழியெல்லாம் டா. சொன்னதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன்.

வெள்ளச்சி வாசலில் உட்கார்ந்து புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். இருபது வயது இருக்கும். வேறு குழந்தை இல்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

"குந்து" என்றாள்.

குந்தினேன். முட்டி மடங்கவில்லை. ஒரு காலை நீட்டிக்கொண்டேன். அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். நானாகத் தொடங்க வேண்டும் என்று வாயைத் திறந்தபோது அவளே சொன்னாள்.

"ஜொரம் வரும், பயப்படாதன்னு சொன்ன. நானு பயப்படல. மொத நாளும் பயப்படல. ரெண்டா நாளும் பயப்படல. எங்க மாமியா, தூக்கினு போலாம்டீன்னுச்சி. நாந்தான் வாணாம்னேன். நர்சம்மா சொல்லிக்கீது, தானா போய்டும்னு."

மூன்று வாரமாகத் தெரியாமல் இருந்தது தெரிந்துவிட்டது.

"தப்பு எம்மேலதான் வெள்ளச்சி" என்றேன். "ரெண்டு நாளைக்கு மேல ஜுரம் இருந்தா, வாந்தி பேதி இருந்தா, தூக்கினு வந்துடுன்னு உங்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல. அவசரம். சொல்லாம வுட்டுட்டேன்."

"ஊசியாலதான் போனானா?"

"இல்லைன்னு டாக்டர் சொல்றாரு. எனக்கும் பேதிலதான் போயிருக்கான்னு தோணுது. தூக்கினு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். அதுக்குக் காரணம் நீ இல்ல. நான் சொன்னதை நீ கேட்ட, அவ்ளோதான்."

திட்டுவாள் என்று நினைத்தேன். கையில் இருந்த கட்டையால் அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் ஒரு புளியை எடுத்தாள், தட்டவில்லை, கையிலேயே வைத்திருந்தாள். முகத்தில் கண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை. ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

ரொம்ப நேரம் கழித்து, "இப்ப மத்தவளுங்களுக்கு இன்னா சொல்லப் போற?" என்றாள்.

சொன்னேன். இன்று ராத்திரி ஜுரம் வரலாம், பாதி மாத்திரை. இரண்டு நாள் தாண்டியும் சுட்டால் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். கண் குழி விழுந்தால், பால் குடிக்காவிட்டால், மூத்திரம் போகாவிட்டால் அன்றைக்கே கிளம்ப வேண்டும். பேதி என்றால் இந்தப் பொட்டலத்தைத் தண்ணீரில் கரைத்து வழியெல்லாம் கொடுத்துக்கொண்டே வர வேண்டும்.

"இன்னொரு தபா சொல்லு."

இன்னொரு முறை சொன்னேன். அவள் உதடு கூடவே அசைந்தது.

பிறகு எழுந்து கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். புளி மரத்தடிக்குப் போய் அங்கே இருந்த பெண்களிடம், "புள்ளைங்களைத் தூக்கினு வாங்கடி. எப்ப பயப்படணும்னு இவங்க சொல்றாங்க, கேட்டுக்கோங்க" என்றாள். பக்கத்தில் நின்றாள். ஒவ்வொருத்திக்கும் நான் சொல்லி முடித்ததும் வெள்ளச்சி அவளையே திரும்பச் சொல்லச் சொன்னாள். யாராவது பாதியில் விட்டால் விடவில்லை.

நேரம் ஆயிற்று. ஒரு குழந்தைக்கு ஐந்து நிமிடம், ஆறு நிமிடம். கடைசிச் சொட்டு 1.50. பிளாஸ்கில் சுண்டைக்காய் அளவு ஐஸ்.

21 பேரில் 15. ஆறு பேர் வரவில்லை. ஒருத்தி கதவைத் திறக்கவே இல்லை. தட்டவில்லை நான்.

ராத்திரி பள்ளிக்கூடத்தில் படுத்ததும் தூங்கிவிட்டேன். காலையில் வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன். நாலு குழந்தைக்கு லேசான ஜுரம். கிளம்பும்போது வெள்ளச்சி வீட்டில் இல்லை, காட்டுக்குப் போயிருந்தாள்.

திரும்பும்போது இறக்கம். முன் பிரேக் தொடவில்லை.

18.2.84 சனி

முட்டி பெரிதாக இருக்கிறது. டா. எழுந்திருக்கக் கூடாது என்றார். எழுந்தேன், ஆள் இல்லை. பிளாஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தேன். "எத்தனை?" 15 என்றேன். பரவாயில்லை என்று ரிப்போர்ட்டில் எழுதினார். நான் வெள்ளச்சியிடம் சொன்னதைச் சொன்னேன். பேனாவை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. "எனக்கும் அன்னிக்கு அவசரம்தான் சிஸ்டர்" என்றார் கடைசியில்.

19.2.84 ஞாயிறு

பகல் 11 மணி. வராந்தாவில் ஓர் ஆள், தோளில் குழந்தை. தும்பைக்கொல்லை கோவிந்தன். விடிவதற்கு முன்னாலேயே கிளம்பி நடந்தே வந்திருக்கிறார். கால் முழுக்க செம்மண். நொண்டிக்கொண்டே போய்க் குழந்தையை வாங்கினேன். பொன்னி, ஒன்பது மாதம், நான் ஊசி போட்டவள்.

தெர்மாமீட்டர் வைத்தேன். 99. மூக்கு ஒழுகுகிறது. நாக்கு ஈரம். கண் தெளிவு. ஆற்றிக் கொடுத்த பாலைக் குடித்தாள், என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கினாள். சாதாரண சளி. டா. பார்த்தார், மறுபடி பார்த்தார்.

"இதுக்கா இருபத்து மூணு கிலோமீட்டர் தூக்கிட்டு வந்தீங்க?" என்றார்.

"நான் நாளைக்குப் பாக்கலாம்னுதான் சொன்னேன் டாக்டரு" என்றார் கோவிந்தன். "வெள்ளச்சி வுடல. காத்தால இருட்டோட வூட்டாண்ட வந்து நின்னுகினு, ரெண்டு நாளு ஆயிடுச்சி, போறியா இல்லையான்னு ஒரே சத்தம். வழில ஓடை வரைக்கும் கூடவே வந்துச்சி."

"இது தானா போய்டற ஜுரம்ங்க. சும்மா அலைஞ்சிட்டீங்க" என்றார் டா.

நான் குறுக்கே பேசினேன். டாக்டர் பேசும்போது குறுக்கே பேசியது இதுதான் முதல் தடவை. "நல்ல காரியம் பண்ணீங்க. இதே மாதிரி இருந்தா அடுத்த தபாவும் தூக்கினு வாங்க."

கோவிந்தன் யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் டாக்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வாங்க" என்றேன் மறுபடியும்.